ஒரு பக்கம் சரிந்த கத்தி

ஜூன் 10, செவ்வாய்

விடியவே மழை. பால்கனியில் காயப்போட்டதெல்லாம் திரும்பவும் ஈரம். பத்து மணிக்கு, கைகாலுக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோக்காரப் பிள்ளை வந்தது. இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "இனி வரவேண்டாம் எண்டு சொல்லு."

இவருக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதம். வலது கை விறைத்த கை, கிள்ளினாலும் தெரியாது. இடது கை நல்லாய்த்தான் இருக்கிறது. அதையும் நம்பமாட்டேன் என்கிறார் மனுசன். எல்லாம் நேற்றைய மாங்காயால்.

கொச்சிக்கடைக் குடோனில் இருபத்தாறு வருசம் இவர் சாக்குக் கயிறு வெட்டின, மடக்குகிற பொக்கெற் கத்தி. வேலை விட்டு வந்ததும் அதாலேயே ஒரு மாங்காய் சீவி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு, எனக்கும் நீட்டுவார். வேறு ஒருவரையும் அதைத் தொட விடமாட்டார். நேற்று நானே விரித்து இடது கையில் கொடுத்தேன். துண்டு மேலே தடிப்பு, கீழே கடதாசி மாதிரி மெல்லிசு. ஐந்து தரமும் அப்படியே. கத்தி நேரே இறங்காமல் வெளிப்பக்கம் ஓடுகிறது.

"இந்தக் கையும் என்ர சொல்லுக் கேக்குதில்லை. ரெண்டும் போச்சு."

அதோடு சாப்பாடும் வேண்டாமென்றுவிட்டார்.

ஜூன் 11, புதன்

வாங்க: பாண், பிரஷர் குளிசை, சவர்க்காரம், மாங்காய் 3.

கத்தி மொட்டை என்று நினைத்தேன். சந்தையடிச் சாணைக்காரரிடம் கொடுத்தேன். முன்பு எப்படித் தீட்டியிருந்ததோ அதே மாதிரித் தீட்டித் தந்தார். கை மயிரை வழிக்கிற கூர். ஓட்டோ பிடித்து வந்து கொடுத்தேன். இன்னும் மோசம். கூர் கூடக் கூட இன்னும் வேகமாய் வெளியே ஓடுகிறது. மாங்காயைச் சுவரில் எறிந்தார்.

"என்னை ஏனப்பா வதைக்கிறாய்?"

குளியலறையைப் பூட்டிக்கொண்டு அழுதேன். கடவுளே, என்னால் இனி ஏலாது.

ஜூன் 12, வியாழன்

வெயில். கீழ்வீட்டுத் தையல்காரி பரீனா இடியப்பம் கொண்டுவந்தா. மேசையில் கிடந்த கத்தியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தா.

"அக்கா, இது ஒரு பக்கம் மட்டுந்தானே சரிவு? மத்தப் பக்கம் தட்டை. நான் இடக்கைக்காரி, வாப்பா எனக்கெண்டே வேற கத்தரிக்கோல் எடுத்துத் தந்தார். மத்தது துணிய கடிக்கும். அவர்ட கையில பிழையில்ல, இதுலதான்."

நான் ஒரு மாடு. சரிவு வலப்பக்கம்; வலது கையால் வெட்டினால் நேரே போகும், இடது கையால் வெட்டினால் வெளியே ஓடும். விரிக்கிற குமிழ்கூட வலது பெருவிரலுக்குத்தான் இருக்கிறது. மூன்று நாளாய் மனுசனைக் கொன்றிருக்கிறேன்.

குசினித் தீட்டுக்கல்லை நனைத்து, தட்டைப் பக்கத்துக்கும் சரிவு வர அதைச் சரித்துப் பிடித்துத் தேய்த்தேன். சமையல் கத்தி என்றால் பத்துத் தேய்ப்பு. இது துருப்பிடிக்காத ரகம், கல்லில் வழுக்குகிறது, தேயவே தேயாது. காலை முழுக்க. பின்னேரம் முழுக்க. விரல் தோல் உரிந்துவிட்டது.

"என்ர கத்தியை என்ன செய்யிறாய்?" அறைக்குள்ளிருந்து. மூன்று நாளில் கத்தியைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி. கல்லை இன்னொருக்கால் நனைத்தேன்.

ஜூன் 13, வெள்ளி

கோயிலுக்குப் போகவில்லை. இன்னும் ஒரு மணித்தியாலம் கல். கடதாசியில் பார்த்தேன், நேரே இறங்குகிறது.

மாங்காய் அசையாமல் இருக்க, விறைத்த கையைத் தூக்கி அதன்மேல் வைத்தேன். "இஞ்சேருங்கோ, கடைசித்தரம். இனிக் கேக்கமாட்டன்." பொய்யில்லை. இதுவும் சரிவராவிட்டால் நானும் கைவிடுவதாகத்தான் இருந்தேன்.

முதல் துண்டு. மேலும் கீழும் ஒரே தடிப்பு. திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் கத்தி கொட்டையில் பட்டு நழுவி, மேலே வைத்த விறைத்த கையின் சுட்டுவிரலில் இறங்கிவிட்டது. இரத்தம். மாங்காய்ப்புளி வேறு. துணி எடுக்க ஓடினேன்.

"இஞ்சரப்பா! எரியுது!"

எங்கே என்றேன்.

"இந்த விரல்தான். ஐயோ, எரியுதடி!"

துணியைப் போட்டுவிட்டு நின்றேன். மிளகாய்த்தூளும் கொஞ்சம் போட்டுப் பார்க்கட்டோ என்று கேட்டேன்.

"ஓம், போடு."