விழும் வகுப்பு

ஜூன் 3

என் அக்கா பெற்ற அதிகாரிக்கு,

ஆணையிட்டுச் சொல்கிறேன்: இந்தக் கதையை ஒருவரும் நம்பப் போவதில்லை. நேற்று வீட்டில் நான் தடாலென்று விழுந்ததில் இந்தக் கட்டடமே ஒரு சாண் பூமிக்குள் இறங்கிவிட்டது. கீழ்வீட்டுத் தையல்காரர் மிஷினோடு எகிறிப்போய், கூரையில் ஒட்டிக்கொண்டே ஒரு சட்டையைத் தைத்து முடித்துவிட்டுத்தான் இறங்கினார். எழுபத்தாறு வயதில் இப்படி விழ வேறு எவனுக்குத் துப்பிருக்கிறது?

கை நலம், கால் நலம். வாயின் நலம் உனக்கே தெரியும்.

உன் மாமா

ஜூன் 8

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களுக்கு எல்லாமே விளையாட்டுதான். தையல்காரர் போன் செய்தார். "உங்க மாமா தினமும் தொப்பு தொப்புன்னு விழறாரும்மா. பதறிப்போய்க் கதவைத் தட்டினா சிரிக்கிறாரு" என்கிறார். அம்மாவுக்குப் பிறகு எனக்கென்று இருப்பது நீங்கள் ஒருவர்தானே?

இங்கே முதியோர் இல்லத்தில் ஓர் அறை சொல்லிவைத்துவிட்டேன். கட்டிலுக்குக் கைப்பிடி இருக்கிறது, கூப்பிட மணி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருகிறேன். அடம் பிடிக்காதீர்கள்.

உங்கள் மருமகள்

ஜூன் 11

கைப்பிடிக் கட்டிலின் மகாராணிக்கு,

வண்டி தாராளமாக வரட்டும். காலியாகத்தான் திரும்பும்.

தையல்காரர் கேட்டது என் வீட்டுப்பாடம். நூலகத்து மாடியில் எங்களுக்கு விழும் வகுப்பு நடக்கிறது. கிழடுகள் எல்லாம் மெத்தை விரித்து, வரிசையாக விழுகிறோம். எண்பதைத் தாண்டிய பழைய உடற்பயிற்சி டீச்சர்தான் குரு. "கையை ஊனாதய்யா! உருளு! நீ என்ன சிமெண்ட் மூட்டையா?" என்று அவர் போடும் அதட்டலில், காலமெல்லாம் பஸ் ஓட்டிய எனக்கே பிரேக் பிடிக்கவில்லை. பக்கவாட்டில் சரிந்து, உருண்டு, மண்டியிட்டு, நாற்காலியைப் பிடித்து எழ வேண்டும். எழுவதுதான் பாடமே. பாவம் தையல்காரர், விழுந்த சத்தம் மட்டும் அவருக்குக் கேட்டிருக்கிறது. எழுவதற்கு ஏது சத்தம்?

அறை வேண்டாம் என்று சொல்லிவிடு. ஞாயிற்றுக்கிழமை பழைய துணி உடுத்திக்கொண்டு வா. உனக்கும் ஐம்பது ஆகிறது. உன்னையும் விழவைக்கிறேன்.

கட்டடம் இறங்கியது புளுகு. தையல்காரர் பறந்தது பெரும் புளுகு. விழுந்தது மட்டும் நிஜம்; நேற்று என்று சொன்னேனே, அது நேற்றில்லை. போன குளிர்காலத்தில், குளியலறையில். காலையில் வழுக்கியவன் மதியம்வரை எழ முடியாமல் கிடந்தேன். அந்த ஈரத் தரையிலேயே ஓங்கி அடித்துச் சத்தியம் செய்தேன்: அடுத்த தடவை நானே எழுந்திருப்பேன்.

உன் மாமா