யோகராணியின் தோட்டத்து மண்

மார்க்கம், கனடா,
09.02.2025

அன்பு மகள் அன்ரனெற்றுக்கு,

ஆண்டவருடைய கிருபையால் நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், மனதைப் பற்றிக் கேட்காதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீயும் தாய்லாந்தில் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் செபமாலையில் உன்னை நினைக்கிறோம். இங்கே மூன்று நாளாக விடாத பனி, உன் தம்பி வேலைக்குப் போகுமுன் டிரைவ்வேயில் கிடக்கும் பனியைத் தள்ளிவிட்டுப் போகிறான், அம்மாவின் முழங்கால் வலி இப்போது கொஞ்சம் குறைவு. இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். போனில் நான் உனக்குச் சொன்னது பொய், அதனால்தான் கையால் எழுதுகிறேன்.

புதன்கிழமை நீ போன் எடுத்துச் சொன்னாய், ஊரிலே யோகராணி அன்ரியின் வெங்காயத் தோட்டத்தில் நீ கண்டுபிடித்து, உங்கள் ஐந்து நாட்டு ஆய்வுகூடங்களும் சேர்ந்து பாதுகாக்கிற அந்த நுண்ணுயிரை, கனடாவில் ஒரு கொம்பனி தன்னுடையது என்று பதிவுக்குக் கொடுத்திருக்கிறது, நீதான் களவாக அனுப்பினாய் என்று கூட்டமைப்பில் சந்தேகப்படுகிறார்கள், மாதம் முடிவதற்குள் விளக்கம் கொடுக்காவிட்டால் வேலை போய்விடும் என்று. அப்பா, அங்கே யாராவது அந்த மண்ணைக் கொண்டுவந்தார்களா என்று கேட்டாய். நான் இல்லை என்றேன். அந்த நேரம் அந்தக் கொம்பனிக்காரன் கிளிபோட் மாமா எங்கள் சோபாவில் கால் மேல் கால் போட்டுத் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி, உன் ஞானத்தகப்பன், நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தபோது தன் வீட்டுப் பேஸ்மென்றில் எங்களை வைத்திருந்தவன் என்று வாயை மூடிக்கொண்டேன். மகள், அந்த மண்ணைக் கொண்டுவரச் சொன்னவன் நான்தான்.

நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் நத்தார் விருந்தில் நான்தான் எல்லோருக்கும் முன்னால் உன்னைப் பற்றிப் பெருமை அடித்தேன், ஊர் முழுக்க வெங்காயம் வேர் அழுகிப் போக யோகராணியின் தோட்டத்தில் மட்டும் அழுகவில்லை, அதற்குக் காரணமான கிருமியை என் மகள் பிடித்துவிட்டாள் என்று. அதைக் கேட்ட கிளிபோட் மறுவாரமே வந்து நின்றான். அவனுடைய கொம்பனி கண்ணாடிக் கூடாரத் தக்காளித் தோட்டங்களுக்குப் பசளை விற்கிறது என்று உனக்குத் தெரியும். பிள்ளையைக் கரைச்சல்படுத்த வேண்டாம் அத்தான், ஒரு சுண்டளவு மண் எடுப்பிச்சுத் தாங்கோ, சும்மா சோதிச்சுப் பாக்கத்தான் என்றான். அப்போது இங்கே பக்கத்து வீட்டு ஸ்ரீதரன் தன் தமையனின் மகள் கலியாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தான். ஊரிலிருந்து வருகிறவன் கையில் கொடுத்துவிடாத பொருள் எங்கள் ஆட்களிடம் உண்டா, மருந்தென்றாலும் மாங்காயென்றாலும் அப்படித்தானே. நான் யோகராணிக்குப் போன் எடுத்து, வீட்டுக்குள் ஒரு கறிவேப்பிலை வைக்கப் போகிறேன், ஊர் மண் ஒரு பிடி கலந்தால் மனதுக்கு ஆறுதலாக இருக்கும் என்று குரலைத் தழுதழுக்க வைத்துச் சொன்னேன். நெஸ்பிரே பால்மாத் தகரப் பேணியில் கீழே மண், மேலே மிளகாய்த்தூள் பக்கெற். விமான நிலையத்தில் ஸ்ரீதரன் மிளகாய்த்தூள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தான். கிளிபோட்டிடம் பேணியைக் கொடுத்தபோது எனக்கு ஒரு கூச்சமும் வரவில்லை. அதை நினைக்கத்தான் இப்போது என்மேலேயே எரிச்சல் எரிச்சலாக வருகிறது.

போன மாதம் ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில், அந்தக் கிருமியை அடைத்த அவனுடைய போத்தல் வெளியீட்டு விழா. என்னையும் மேடைக்குக் கூப்பிட்டு விளக்கேற்ற வைத்தார்கள். யூனியன்வில்லில் தன் வீட்டுக் கொல்லையில் பல வருடமாகத் தனியாக ஆராய்ந்து கண்டுபிடித்ததாக மைக்கைப் பிடித்துச் சொன்னான். அந்தக் கொல்லையில் இருப்பது ஒரு பாபிக்யூ அடுப்பும் பழைய மேப்பிள் மரமும். சனம் கை தட்டியது, நானும் தட்டினேன். வெட்கம் கெட்டவன் நான். புதன்கிழமை நீ போனை வைத்த பிறகு அவனிடம் நேரே கேட்டேன், என் மகளின் வேலை போகப்போகிறது, உண்மையைச் சொல்லி எழுதிக் கொடு என்று. கிருமிக்கு ஆர் அத்தான் சொந்தக்காரர், உது காத்திலையும் மண்ணிலையும் கிடக்கிறதுதானே என்று சிரித்தான். சொந்தக்காரர் இல்லையென்றால் ஏன் உன் பெயரில் பதிந்தாய் என்று கேட்டேன். தேத்தண்ணீர் ஆறிவிட்டது என்று எழும்பிப் போனான். அது சும்மா கிடந்த மண்ணா, பதினைந்து வருடமாகப் பூவரசங்குழையைப் பசளையாகத் தாட்டு, கிருமிநாசினி ஒரு சொட்டும் அடிக்காமல், பக்கத்துத் தோட்டக்காரர் கேலி செய்தும் கேளாமல் யோகராணி முறிந்து செய்த தோட்டம். நாளைக்கு அதே போத்தலைக் கப்பலில் ஏற்றி அவளுக்கே விற்பான். எந்தத் தோட்டத்தில் எடுத்தது, யாருடைய சம்மதத்தோடு எடுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் எழுதி வைத்து, பலன் வந்தால் கிடைத்த இடத்துக்கும் பங்கு போக வேண்டுமென்று ஐந்து நாட்டுக்காரர் கூடிப் பேசி வைத்ததை இவன் ஒரு பால்மாப் பேணியால் உடைத்துவிட்டான். இவன் என்று எழுதிவிட்டேன், நாங்கள் இரண்டு பேரும்.

உன் கூட்டமைப்பு உன்மேல் சந்தேகப்பட்டது எனக்குப் பொறுக்கவில்லைத்தான், ஆனால் கேட்க வேண்டியதைத்தானே கேட்டார்கள். அம்மா முதலில் இது குடும்பத்துக்குள் பேசி முடிக்க வேண்டிய விசயம், கோயிலில் முகம் காட்ட முடியாமல் போகும் என்று அழுதாள். தம்பிதான் அப்பா, தட்ஸ் ஸ்டீலிங், களவு என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டுக் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு நின்றான். வெள்ளிக்கிழமை மில்லிக்கன் பிளாசாவில் இருக்கிற சட்டத்தரணியிடம் கூட்டிக்கொண்டு போனான். நடந்ததை முழுக்கச் சொல்லிச் சத்தியக் கடதாசி எழுதி ஒப்பம் வைத்திருக்கிறேன், இதோடு வருகிறது. மண்ணை அறிவிக்காமல் கொண்டுவந்ததற்கு எனக்குத் தண்டம் வரலாம் என்று அந்தச் சட்டத்தரணிப் பிள்ளை எச்சரித்தாள், வரட்டும். ஸ்ரீதரனுக்கும் சொல்லிவிட்டேன், அவன் என்னோடு கதைக்கிறதில்லை.

நேற்றுக் காலையில் யோகராணிக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவாள் என்று நினைத்தேன், ஏசியிருந்தால் நல்லாயிருக்கும். உங்கடை கறிவேப்பிலைக்கெண்டு கல்லுப் பொறுக்கி அரிச்செல்லே அண்ணை தந்தனான் என்றாள். பிறகு சொன்னாள், உங்கடை பிள்ளை எனக்கு முன்னாலை இருந்து சம்மதக் கடதாசியை ஒவ்வொரு வரியா வாசிச்சுக் காட்டி, நான் விளங்கின பிறகுதான் கையெழுத்து வாங்கினவள், நீங்கள் உண்மையைச் சொல்லியிருந்தா ஒருக்கா அவளிட்டைக் கேட்டுப்போட்டுச் சொல்லுறன் எண்டிருப்பன் என்று. என் மகளை என்னைவிட அவள் மதித்திருக்கிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஆய்வுகூடத்திலேயே படுத்து எழும்பாதே. ஆண்டவரும் மாதாவும் உன்னைத் தங்கள் கைக்குள் வைத்துக் காக்கட்டும், உன் நேர்மைக்கு ஒரு கீறலும் வராமல் இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. விளக்கம் எழுதும்போது அப்பாவின் மானத்தைப் பார்த்து ஊரிலிருந்து யாரோ கொண்டுபோனார்கள் என்று பூசி மெழுகி எழுதிவிடாதே. மண்ணின் சொந்தக்காரி யோகராணி என்று எழுது. அவளிடம் பொய் சொல்லி எடுத்தவர் யாரென்று கேட்கிற இடத்தில், என் தகப்பன் என்று எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
அமிர்தநாதர்