ஒருதரம் மட்டும் கூப்பிட்ட குரல்

உன் அலுமாரிக்குள் இப்போதும் அந்தத் தைல வாசம் இருக்கிறது. இன்று மத்தியானம் உன் அம்மா திறப்பைத் தந்து, "நீயே திறந்து எடு பிள்ளை, எனக்குக் கை வருகுதில்லை" என்றார். சேலைகளுக்கு நடுவே தலையை விட்டேன். நீ நெற்றியில் பூசுகிற பச்சைத் தைலம், பூச்சி உருண்டை, அவற்றுக்குப் பின்னால் கொஞ்சம் கடல். உள்ளே கொழுவியில் உன் ஹெட்செட் தொங்கியது. அதன் பஞ்சு உன் காதின் அளவுக்கு அமுங்கியபடியே இருந்தது.

இந்த அலுமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டுதான் நீ மூன்று வருடம் விண்வெளியில் இருந்தாய். மயிலிட்டித் துறையின் இயந்திர இரைச்சலும் காகங்களும் ஐஸ் லொறியும் கேட்காத ஒரே இடம் இதுதான் என்று கண்டுபிடித்தவள் நீ. ஒருநாள் உன் அம்மா என்னைக் குசினிப் பக்கம் இழுத்துப்போய், "இவள் சீலையளோடை என்ன கதைக்கிறாள்? ஆரிட்டையும் கொண்டுபோய்க் காட்ட வேணுமோ?" என்று கேட்டார். நான் விளங்கப்படுத்திய பிறகு அவருடைய கவலை கூடியதே தவிரக் குறையவில்லை.

அந்தத் தொடருக்கு நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று இருந்தது. எங்களுக்கு அது எப்போதும் "கப்பல்" தான். எங்கோ தொலைவில் அணைந்துபோன ஒரு வெளிச்சவீட்டைத் திருத்துவதற்காக ஏழு பேர் விண்வெளியில் புறப்பட்டுப் போகிற கதை. கடற்கரைக்காரியான உனக்கு அது பிடிக்காமல் போயிருந்தால்தான் ஆச்சரியம். இரசிகர் குழுவில் முப்பது நாற்பது பேர் இருந்தோம். இங்கே பாதி, வெளிநாட்டில் பாதி. ஒவ்வொரு பாகத்துக்கும் எங்கள் பேச்சில் குரல் கொடுத்து எங்களுக்குள் பார்ப்போம். மொழிபெயர்ப்பு நான். கப்பலின் இயந்திரக்காரிக்குக் குரல் நீ. ஒலியை வெட்டி ஒட்டுவது கனடா அண்ணை. அவரை நாங்கள் இருவரும் ஒருநாளும் நேரில் கண்டதில்லை.

உன் குரல் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இயந்திரக்காரி அல்ல. உடுவிலில் எங்கள் வளவுக்குப் பின்னாலிருந்த முகாம்தான். போரில் உங்கள் ஊரை விட்டு வந்து நீங்கள் அங்கே இருந்த காலம். எங்களுக்குப் பத்து வயது இருக்கும். பின்னேரம் விளையாட வந்து உங்கள் கொட்டில் வாசலில் நின்று கூப்பிட்டேன். உள்ளே நீயும் அம்மாவும் அசையாமல் இருந்தது கிடுகு இடைவெளியால் தெரிந்தது. இரண்டாம் தரம் கூப்பிட்டேன். அப்போதும் அசைவில்லை. கோபத்தோடு மூன்றாம் தரம் கூப்பிட்டதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஓம்" என்றீர்கள்.

"காது கேக்காதோ உனக்கு?" என்று கேட்டேன்.

"மூண்டாம் தரம்தான் நாங்கள் ஓம் சொல்லுவம். அதுகள் ரெண்டு தரத்துக்கு மேலை கூப்பிடாது."

"எதுகள்?"

"கடலிலை போனதுகள்," என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு நீ கெந்தி விளையாடக் கோடு கீறத் தொடங்கினாய். அன்று முழுக்க நான் ஒழுங்காக விளையாடவில்லை.

அது உங்கள் வீட்டுப் பழக்கம் என்பதையும், அதற்கு ஒரு காரணம் இருந்தது என்பதையும் நீ பிறகுதான் சொன்னாய். உன் அப்பா கடல் தொழிலுக்குப் போய்த் திரும்பவில்லை. சில மாதம் கழித்து, வெயில் கொளுத்துகிற ஒரு மத்தியானம், உன் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தபோது அவர் முற்றத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம். இரண்டு தரம். அம்மா அரிசிப் பானையைப் பிடித்தபடி மூன்றாவதுக்குக் காத்திருந்தாராம். மூன்றாவது வரவில்லை. அதன் பிறகு உங்கள் வீட்டில் யாரைக் கூப்பிடுவதென்றாலும் மூன்று தரம்தான். கூப்பிடுகிறவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அது அடையாளம்.

அந்தப் பழக்கம் கைபேசிக்கும் வந்தது. எனக்கு நீ அனுப்பிய ஒவ்வொரு குரற்பதிவும் "மதி, மதி, மதி, இஞ்சை கேள்" என்றுதான் தொடங்கும். நான் வேலை செய்கிற மருந்துக்கடையில் எல்லோருக்கும் அது பகிடி. உனக்கு வெட்கம் கிடையாது.

நான்காவது சீசனில்தான் எங்கள் குழு உடைந்தது. மூன்றாவதின் முடிவில் இயந்திரக்காரி செத்துப்போனாள். நான்காவதில், அவள் விட்டுப்போன பதிவுகளிலிருந்து கப்பல் அவளுடைய குரலை எடுத்து, அவளாகவே கதைக்கத் தொடங்கியது. மிச்ச ஆறு பேரும் அதைச் சுற்றி இருந்து அழுது ஆறுதல்படுகிற காட்சியில் நானும் அழுதேன். தொடரிலேயே சிறந்த காட்சி அதுதான் என்று குழுவில் பந்தி பந்தியாக எழுதினேன். பாதிப் பேர் என் பக்கம். மறுபாதி, கதை தீர்ந்துபோய் இழுக்கிறார்கள், முதல் இரண்டு சீசனோடு நிறுத்தியிருக்க வேண்டும் என்றார்கள். இரண்டு பேர் குழுவை விட்டே போய், அடுத்த பாகம் வந்ததும் சத்தமில்லாமல் திரும்பி வந்தார்கள்.

நீ ஒரே ஒரு வரிதான் போட்டாய். "செத்தாப் பிறகும் அவளுக்கு லீவு குடுக்கேல்லையோ?" ஐஸ் தொழிற்சாலைக் கந்தோரில் லீவுக்கு அலைந்தவள் அல்லவா. குழு முழுக்கச் சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"பிடிக்கேல்லை எண்டால் ஏன்டி விடாமல் பாக்கிறாய்?" என்று உன்னைக் கேட்டேன்.

"பிடிக்காததை ஆரும் இவ்வளவு நேரம் மினக்கெட்டுத் திட்டுவினமோ? எனக்கு அந்தக் கப்பல் விருப்பம். அது செய்யிற வேலைதான் விருப்பமில்லை."

ஆனால் குரல் கொடுக்க முடியாது என்று நின்றாய். உயிரோடு இருக்கிறவளுக்குக் கதைத்தேன், செத்த பிறகு கதைக்கமாட்டேன் என்றாய். நான் விடவில்லை. நீ இல்லாவிட்டால் குழு இத்தோடு சரி என்று வெருட்டினேன். நான்காவது சீசன் முழுவதையும் நீ எனக்காகத்தான் செய்தாய். கடைசி நாள் அலுமாரிக்குள்ளிருந்து தலையை எடுத்து, "இதுக்குப் பிறகு என்னைக் கேளாதை மதி" என்றாய். உன் முகம் வெளிறியிருந்தது. சேலைகளின் புழுக்கம் என்று நினைத்தேன். உன் சிறுநீரகம் பழுதாகியிருந்தது அடுத்த மாதம்தான் தெரிந்தது. ஐந்தாவது சீசன் வரும்போது நீ இல்லை.

கேளாதே என்று நீ சொன்னதை நான் காப்பாற்றவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

அந்த ஐந்தாவதுதான் கடைசிச் சீசன், ஆறு பாகம். ஆறிலும் கப்பல் உன் குரலில்தான் கதைக்க வேண்டும். வேறு யாரும் சரிவராது என்று குழுவில் எல்லோரும் சொன்னார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து. அப்போதுதான் கனடா அண்ணை கேட்டார், உன் பழைய பதிவுகள் என்னிடம் எவ்வளவு இருக்கிறது என்று. அவற்றைக் கொடுத்தால் கணினி உன் குரலைப் பழகிவிடும். பிறகு உன் ஹெட்செட்டைப் போட்டு நான் கதைத்தால், அது நீ கதைப்பதாக வெளியே வரும். நான் ஒருநாள் யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். அன்றே அத்தனை பதிவையும் அனுப்பினேன். குழுவுக்காக என்று சொன்னேன். உண்மையில் எனக்கு உன் குரல் புதிதாக ஒரு சொல் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது. பழையவை எல்லாம் எனக்கு மனப்பாடம்.

ஹெட்செட்டை எடுக்கத்தான் இன்று வந்தேன். அம்மாவிடம் காரணம் சொல்லவில்லை. அலுமாரிக்குள் தலையை விட்டபடி நின்றபோது கைபேசி அதிர்ந்தது. கனடா அண்ணை இரண்டு ஒலித்துண்டு அனுப்பியிருந்தார். ஒன்று எனக்கு, ஒன்று அம்மாவுக்கு, கேட்டுச் சொல்லும்படி. கைபேசியைச் சேலைகளுக்கு நடுவே வைத்து முதலாவதை அழுத்தினேன்.

"மதி, இஞ்சை கேள்."

"ஓம்," என்றேன். வாய் தானாகச் சொன்னது. ஒருதரம்தான் கூப்பிட்டது. நான் ஓம் சொல்லிவிட்டேன்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அது முடிந்த கையோடு இரண்டாவது தானாக ஓடியது. "அம்மா" என்றது. அந்த அலுமாரிக்குள்ளிருந்து வந்ததாலோ என்னவோ, வெளியே உனக்குச் சோறு போட்டால் சாப்பிட வருவாய் என்கிற அளவுக்கு அது நீதான்.

குசினியில் அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்த சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தேன். கத்தி கையிலிருக்க, முகத்தை அலுமாரிப் பக்கம் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அழவில்லை. காத்துக்கொண்டு நின்றார். வெளியே வெயிலில் ஒரு காகம்கூடக் கத்தவில்லை. கைபேசியில் நிறுத்துவதற்கு வேறொன்றும் இருக்கவில்லை.

நீண்ட நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார். "ஒருக்காத்தான் கூப்பிட்டது," என்றார். "அவர் எண்டாலும் ரெண்டு தரம் கூப்பிட்டவர். இது என்ரை பிள்ளை இல்லை." பிறகு மறுபடியும் வெங்காயத்தை அரியத் தொடங்கினார்.

நான் அவருக்குப் பக்கத்தில் போய் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கனடா அண்ணைக்கு அழைப்பெடுத்து, ஏன் ஒருதரம் மட்டும் கூப்பிடுகிறது என்று கேட்டேன். அங்கே இன்னும் விடியவில்லை. ஆனாலும் உற்சாகமாகக் கதைத்தார்.

"அது பதிவிலை இருந்த பிழை எண்டெல்லோ நினைச்சன் தங்கச்சி. எல்லாத் துண்டிலையும் பேர் மூண்டு மூண்டு தரம் வந்தது. வடிவாத் துப்புரவாக்கிப் போட்டன். வேணுமெண்டால் மூண்டாக்கித் தாறன், ஒரு நிமிச வேலை."

அவரைக் குறை சொல்ல முடியாது. சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டத்தோடு வளர்ந்தவர். உங்கள் வீட்டுப் பழக்கம் அவருக்கு எப்படித் தெரியும்? உன் குரலில் பிழை என்று அவர் எடுத்தெறிந்தது ஒன்றே ஒன்று. நீ உயிரோடு இருக்கிறாய் என்கிற அடையாளம் அது.

அம்மா கைபேசிப் பக்கம் குனிந்தார். "வேண்டாம் தம்பி. மூண்டு தரம் கூப்பிட்டால் நான் ஓம் எண்டு சொல்ல வேணும். சொன்னாப் பிறகு நான் அதை என்ன செய்யிறது? சோறு போடுறதோ?"

கனடா அண்ணை மன்னிப்புக் கேட்டு அழைப்பை வைத்தார். ஆனால் அம்மா கதைத்துக்கொண்டிருந்தபோதே அவர் கை வேலையை முடித்திருக்க வேண்டும். சற்று நேரத்தில் மூன்றாவது துண்டு வந்து விழுந்தது. அதற்கு "மூண்டு" என்று பெயர் போட்டிருந்தார். நானும் அம்மாவும் மாங்காய்க் கறி கொதிக்கிற வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். அம்மாவின் விரல் ஒருமுறை அதன் கிட்டப் போய்த் திரும்பியது. பிறகு என் தோளில் கையை வைத்து, "நீ செய் பிள்ளை" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். திறக்காமலே அழித்தேன். மற்ற இரண்டையும் அழித்தேன். கணினி பழகி வைத்திருக்கும் உன் குரலையும் அழிக்கச் சொல்லிக் கனடா அண்ணைக்கு எழுதினேன். சரி என்று ஒரு சொல்லில் பதில் வந்தது.

அந்தக் காட்சியை நான் இப்போதும் வெறுக்கவில்லை. அதைப் பார்த்து அழுததும் பொய்யில்லை. ஆனால் அந்தக் கப்பலில் மிஞ்சிய ஆறு பேரில் ஒருவராவது "நீ யார்" என்று அந்தக் குரலைக் கேட்டாரா என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒருவரும் கேட்கவில்லை. பார்த்து அழுத நானும் கேட்கவில்லை. உன் அம்மா குசினியில் நின்றபடி, வாய் திறக்காமலே கேட்டார். நீ அன்று சொல்ல வந்தது இதுதான் என்றால், நீதான் சரி. ஒத்துக்கொள்ள நேரம் எடுத்துவிட்டது.

ஆறு பாகத்துக்கும் என் சொந்தக் குரலிலேயே கதைக்கப் போவதாகக் குழுவில் எழுதினேன். திட்டுகிறார்கள். ஒருவர் போய்விட்டார், அடுத்த பாகத்துக்கு வருவார். அம்மா சம்மதித்ததால் பின்னேரம் உன் ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு அலுமாரிக்குள் தலையை விட்டேன். கப்பலின் முதல் வரி, "நான் இங்கைதான் இருக்கிறன்." என் குரல் அதற்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை. அது செத்தவளின் குரல் இல்லை என்று கேட்கிற எல்லோருக்கும் தெரியும். அது போதும்.

இரண்டாவது வரிக்கு மூச்செடுத்தபோது முதுகுப் பக்கம் "மதி" என்று கேட்டது. கைபேசியில் ஒலித்துண்டு எதுவும் ஓடவில்லை. அம்மா கிணற்றடியில் வாளி கழுவுகிற சத்தம் தூரத்தில் வந்தது. நான் தலையை எடுக்கவில்லை. மீண்டும் "மதி" என்றது, கொஞ்சம் கிட்டே.

அம்மா தந்த தேத்தண்ணி ஆறிப்போக, இதை உன் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். பத்து வயதில் உன் வாசலில் கோபப்பட்டவள், இப்போது வாயைத் திறக்காமல் இருக்கப் பழகிவிட்டேன். இரண்டு கேட்டது. நீ என்றால் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. கூப்பிடு, ஓம் என்று சொல்ல இருக்கிறேன்.