மலை மேல் டவர் இருந்தது

சேசு மரி சூசை துணை

திண்டிவனம்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து.

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் செல்வி எழுதுவது. இங்கே அத்தை, பாப்பா, நான் மூவரும் சுகம். நீங்களும் சுகமாக இருக்கவேண்டும் என்று மாதா முன்னால் மெழுகுத்திரி ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணமான புதிதில் உங்களுக்கு எழுதியதோடு சரி, அப்புறம் பேனா பிடித்ததில்லை. இப்போதைக்குப் போன் கிடைக்காது, எழுதினால் யூனிட் தபாலில் வந்துசேரும் என்று அத்தையிடம் சொன்னீர்களாமே, அதனால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதீர்கள்.

ஊரில் மல்லாட்டை பிடுங்குகிறார்கள். கோவிந்தம்மாள் கொல்லையில் செடியிலிருந்து கடலை ஆய்கிற வேலைக்குப் போய்வருகிறேன். கூரை ஷீட் ஒழுகிய இடத்தில் தென்னரசு அண்ணன் வந்து தார் பூசிக்கொடுத்தார். அத்தைக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் தைலம் தேய்க்க விடுவதில்லை. நாற்றம் பிடிக்கவில்லையாம்.

பாப்பா முதல் தடவையாக நற்கருணை வாங்கிய புதுநன்மை நல்லபடியாக நடந்தது. வெள்ளைக் கவுனும் பூமுடியுமாக நம் இளவரசி நிஜமாகவே இளவரசிபோல் இருந்தாள். நன்மை வாங்கிக்கொண்டு திரும்பும்போது கோயில் வாசலை ஒரு தடவை பார்த்தாள். யாரைத் தேடினாள் என்று நான் கேட்கவில்லை.

மாமா, நான் எழுத வந்தது இதெல்லாம் இல்லை.

லீவு ரத்தாகிவிட்டது என்று நீங்கள் சொன்ன அன்று நான் பேசியது உங்களுக்கு நினைவிருக்கும். "நீங்க வரவே வேணாம். உங்க பொண்ணு உங்கள போட்டோவுலயே பாத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். மாலை போட்டுச் சுவரில் மாட்டுகிற போட்டோவை நினைத்து அதைச் சொல்லவில்லை. சத்தியமாக இல்லை. ஆனால் பட்டாளத்துக்காரர் பெண்சாதி சொல்லக்கூடிய வார்த்தையா அது? அத்தை அடுப்படியில் இருந்தார்கள். காதில் விழுந்ததா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் நீங்கள் கூப்பிட்டபோதெல்லாம் போனைப் பாப்பாவிடம் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய்விடுவேன்.

கோபம் ஆறவில்லை. லீவில் வந்ததும் செஞ்சிக் கோட்டையைக் காட்டுகிறேன், அப்படியே விழுப்புரம் போய் ஜங்ஷனில் ரயில் பார்த்துவிட்டு புரோட்டா சாப்பிடலாம் என்று பாப்பாவிடம் சொல்லியிருந்தீர்களே, அந்தத் திட்டத்தை நானே எடுத்துக்கொண்டேன். "அப்பா வராட்டி என்ன, நாமளே போவோம்" என்றேன். உங்களுக்கு ஒன்றுமே மிச்சம் வைக்கக்கூடாது என்றுதான் கிளம்பினேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

முந்தின வாரம் சனிக்கிழமை காலையிலேயே புளிசோறு கட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். செஞ்சியில் இறங்கிக் கோட்டைக்கு ஆட்டோ. கல்யாண மகால் பக்கம் ஒரு மரத்தடியில் அத்தை உட்கார்ந்துகொண்டார்கள். வெயிலுக்கு முன்னால் பாப்பாவுக்கு எல்லாம் காட்டினேன். நெல் கொட்டிவைத்த களஞ்சியம், யானை குளிக்கிற குளம், வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். அந்த அறைகளில் குதிரையும் சிப்பாய்களும் இருந்ததாக ஒரு வழிகாட்டி யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். பாப்பா ஓர் அறைக்குள் போய் நின்று பார்த்துவிட்டு, "இங்க இருந்த சிப்பாய்ங்களுக்கு லீவு குடுப்பாங்களாம்மா?" என்று கேட்டாள். ராஜாவைப் போய்க் கேள் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

ராஜகிரியில் ஏறினோம். பாதி மலையில் பாப்பா குரங்கைப் பார்த்துச் சிரித்தபோது போட்டோ எடுத்து அங்கேயே ஸ்டேட்டஸ் போட்டேன். வேறு யாருக்காகவும் இல்லை, நீங்கள் பார்த்து வயிறெரியவேண்டும் என்றுதான். கொஞ்ச நேரத்தில் பார்த்தவர்கள் வரிசையில் உங்கள் பெயர் வந்தது. உச்சிக்கு முன்னால் ஒரு பாலம் இருக்கிறதே, அதற்குக் கீழே படியில் நிற்கும்போது உங்கள் போன் வந்தது.

யூனிபாரத்தில் உங்கள் முகம் திரையில் தெரிந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். கூப்பிடட்டும், எடுக்காமல் இருந்தால்தான் தெரியும் என்று நினைத்துச் சத்தத்தை நிறுத்திப் பைக்குள் போட்டேன். யாரும்மா, அப்பாவா என்றாள் பாப்பா. லோன் வேணுமா என்று கேட்கிறார்கள் என்றேன். பாலத்தைத் தாண்டும்போது இன்னொரு தடவை அடித்தது. பை இடுப்போடு ஒட்டியிருந்ததால் அதிர்வது எனக்குத் தெரிந்தது. அப்புறம் நின்றுவிட்டது. உச்சியில் பீரங்கியைப் பார்த்தோம், காற்று நன்றாக அடித்தது. ஜெயித்துவிட்ட மாதிரி நின்றேன் மாமா.

விழுப்புரத்தில் ஜங்ஷன் மேம்பாலத்தில் ஏறிப் பாப்பா ரயில்களைப் பார்த்தாள். நீங்கள் எப்போதும் ஏறுகிற பிளாட்பாரம் எது என்று அத்தை காட்டிக்கொடுத்தார்கள். அப்புறம் நான்குமுனை சந்திப்புக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் புரோட்டா சொன்னோம். அங்கே டிவியில் எல்லையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். படைகள் முன்னால் போகின்றன என்று ஓடியது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் பையைத் துழாவிப் போனை எடுத்து உங்களைக் கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப். மறுபடியும் கூப்பிட்டேன். அத்தை இலையை மூடிவிட்டுக் கைகழுவப் போனார்கள். பாப்பா மட்டும்தான் சாப்பிட்டாள்.

பஸ்ஸில் வரும்போதெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் ஸ்டேட்டஸை அழித்தேன். அதற்குள் பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள். புருசன் பார்டர்ல நிக்கிறாரு, இது மலையேறிக்கினு கீது என்று தெருக்குழாயில் பேசினார்களாம். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர்களுக்குப் பாதிதான் தெரியும்.

உங்கள் யூனிட்டிலேயே இருக்கிற மயிலம் தேவசகாயம் அண்ணன் பெண்சாதி வீரம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர்களுக்கும் பேச்சு இல்லை, ஆனால் புறப்படுவதற்கு முன்னால் அண்ணன் ஒரு தடவை பேசினாராம். போனை வாங்கி வைத்துக்கொள்ளப் போகிறார்கள், வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளுங்கள் என்று நேரம் கொடுத்தார்களாம். சனிக்கிழமை பகலில். எல்லோரும் அவரவர் வீட்டில் பேசியிருக்கிறார்கள். நீங்கள் மட்டும் அடித்து அடித்துப் பார்த்துவிட்டுப் போனைக் கொடுத்திருக்கிறீர்கள்.

அதற்கப்புறம் எந்த நம்பர் வந்தாலும் எடுத்தேன். நிஜமாகவே லோன் வேணுமா என்று கேட்ட ஒரு பெண்ணிடம், வைக்கச்சொல்லி அழுதேன். அது பயந்துபோய், அக்கா சாப்ட்டீங்களா என்று கேட்டது.

போன வியாழக்கிழமை நீங்கள் பேசியபோது நான் கொல்லையில் இருந்தேன். போன் என் மடியில்தான் இருந்தது. நீங்கள் அத்தையின் பட்டன் போனுக்குக் கூப்பிட்டிருந்தீர்கள். செய்தி கேட்டு வரப்பில் ஓடி வந்தேன், வருவதற்குள் பேசி முடித்துவிட்டீர்கள். நல்லா இருக்கான், நல்லா இருக்கான் என்று அத்தை என் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்கள். அந்த நிமிஷத்துக்குக் கடவுளுக்கு நான் சாகிறவரை நன்றி சொல்லவேண்டும்.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று வார்த்தைக்கு வார்த்தை கேட்டேன். பாப்பா சிரித்த போட்டோவைப் பார்த்துவிட்டுத்தான் புறப்பட்டீர்களாம், மனசுக்குத் தெம்பாக இருந்ததாம். அப்புறம் இதையும் சொன்னீர்களாம்: "செல்வி எடுக்கலன்னு நீ அவள எதுவும் கேக்காதம்மா. மலை மேல டவர் இருந்திருக்காது."

மாமா, ஸ்டேட்டஸ் போடுவதற்கு அதே மலையில் டவர் இருந்ததே. அதை நீங்கள்தானே பார்த்தீர்கள். உங்களுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும், அவ்வளவு தூரத்தில் அந்த நிலைமையில் இருந்துகொண்டு, உங்கள் அம்மா என்னைக் குறைசொல்லக் கூடாதென்று எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை.

அன்றைக்கே அத்தையிடம் உண்மையைச் சொல்லி அழுதேன். முறத்தில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தாமல், "அவனே டவர் இல்லன்னுட்டான். நீ எதுக்குடி போய் டவர் நடுற?" என்றார்கள். பாப்பாவிடமும் சொல்லிவிட்டேன், அன்றைக்குக் கூப்பிட்டது அப்பாதான் என்று. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இன்று காலையில்தான் பின்னல் போட்டுவிடச் சொல்லி வந்து உட்கார்ந்தாள்.

போட்டோ என்று சொன்ன அந்த வார்த்தையை நான் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். மன்னிப்பு கொடுத்தார். ஆனால் அது அவரைப் பார்த்துச் சொன்ன வார்த்தை இல்லையே. நீங்கள் வரவேண்டும். திட்டுவதற்காவது வரவேண்டும்.

எப்போது முடிந்தாலும் கூப்பிடுங்கள். யாருடைய போனிலிருந்தும் கூப்பிடுங்கள். பேச நேரமில்லை என்றால் பேசக்கூட வேண்டாம் மாமா. சும்மா பிடித்துக்கொண்டிருங்கள். உங்கள் மூச்சு எது என்று எனக்குத் தெரியும்.

மாதா தன் முந்தானையால் உங்களை மூடிக்கொள்ளட்டும்.

உங்கள்,
ஆரோக்கியசெல்வி