எட்டுப் பாய்

14 ஜூலை, திங்கள்

காலையிலிருந்தே புகைமூட்டம். தொண்டை கரகரப்பு. உயிரியல் பயிற்சி பாக்கி, பக். 88–90. செய்ய இடமில்லை. குளியலறை வாசலில் அரிசி டின் மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

வீட்டில் ஒன்பது பேர். அப்பா, அம்மா, தம்பி, நான் என்று நாங்கள் நான்கு, சித்தி குடும்பம் ஐந்து. சித்தி குடும்பம் இருந்த லயத்தை, அந்த வரிசை வீடுகளை, தோட்டத்தில் இடித்ததிலிருந்து இங்கேதான். ஓர் அறை, ஒரு கூடம். சித்தப்பாவுக்குக் காசநோய் என்று போன வாரம் உறுதியானது. இப்போது சித்தியின் கடைசிப் பிள்ளை கவினும் இருமுகிறான். இரண்டு வயது. எடை ஏறவில்லை.

வியாழக்கிழமை கிளினிக் மிஸ்ஸி, அங்குள்ள நர்ஸ், வீட்டில் எத்தனை பேர் என்று பார்க்க வருகிறார். இடநெருக்கடி என்று அவர் எழுதினால், சித்தி குடும்பத்துக்கு புக்கிட் ரோத்தானில் அரசாங்க வீடு கேட்டுக் கடிதம் போகும். நோயைக் காரணம் காட்டினால் சீக்கிரம் கிடைக்குமாம்.

15, செவ்வாய்

அம்மா சித்தியிடம்: "மிஸ்ஸி வர்றப்ப பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு கோயிலுக்குப் போயிரு."

"அவங்க எண்ணத்தானேக்கா வர்றாங்க?"

"கிராணியும் எண்ணத்தான் வந்தாரு. பக்கத்து வீட்டுக்குக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வந்துச்சா இல்லியா?"

ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பம், தோட்ட ஆபீஸ் சட்டம். அந்த ஆபீஸின் கணக்கர் கிராணி வரும்போதெல்லாம் சித்தி வீட்டார் மறைவது வழக்கம். மிஸ்ஸி வேறு, கிராணி வேறு என்றேன். அப்பா மட்டும் பதில் சொன்னார். "இந்த வீடும் போச்சுனா ஒம்பது பேரும் ரோட்டுலதான் லா."

17, வியாழன்

மாலை 4 மணி. வீடு துடைத்தாயிற்று. பாய்கள் எல்லாம் அடுத்த வீட்டில். மிஸ்ஸிக்கு சிராப் தண்ணீர், நல்ல கிளாஸில்.

"எத்தன பேரும்மா இங்க?"

"நாலு பேரு, மிஸ்ஸி."

"உங்க தங்கச்சி வீட்டுக்காரரு இந்த அட்ரஸ்தானே குடுத்திருக்காரு?"

"அது கடிதம் வர்றதுக்கு. அவங்க சும்மா வந்து போவாங்க."

மிஸ்ஸி என்னைப் பார்த்தார். நான் மேலே சுற்றும் மின்காற்றாடியைப் பார்த்தேன். 4 என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

சித்தி திரும்பி வந்தபோது கவினுக்கு உடம்பு சுட்டது.

18, வெள்ளி

ஓய்வு நேரத்தில் கணக்கு நோட்டின் கட்டத்தாளில் வீட்டை வரைந்தேன். ஒரு கட்டம் = அரை அடி. சுவர், கதவு, அடுப்பு. எட்டுப் பாய். ஒவ்வொன்றிலும் பெயர், யார் தலை எந்தப் பக்கம் என்று அம்புக்குறி. சித்தப்பாவுடையது ஜன்னலோரம்.

பள்ளி முடிந்ததும் கிளினிக் முன்னால் பஸ்ஸிலிருந்து இறங்கினேன். தாளை மிஸ்ஸியிடம் நீட்டினேன்.

"இது என்னம்மா, வீடா?"

"நாங்க படுக்குற மாதிரி, மிஸ்ஸி."

"கதவு எப்படித் தொறக்கும்?"

"தொறக்காது. தம்பிய எழுப்பணும்."

மிஸ்ஸி சிரிக்கவில்லை. "நாளைக்குக் காலையில, நீங்க எல்லாம் எந்திரிக்கிறதுக்கு முன்னாடி வர்றேன்."

"ஆபீஸ்ல சொல்லிருவீங்களா?"

"நான் தோட்டத்து ஆள் இல்லம்மா. கிளினிக் ஆள்."

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

19, சனி

காலை 6.50, இன்னும் சரியாக விடியவில்லை. கதவு தட்டும் சத்தம். தம்பியை எழுப்பி, நகர்த்தி, திறந்தேன். அம்மா பதறி எழுந்து பாயின் ஓரத்தைப் பிடித்தார்.

"சுருட்டாதீங்கம்மா. அப்படியே இருக்கட்டும்," என்றார் மிஸ்ஸி. உள்ளே வர இடமில்லாமல் வாசலிலேயே நின்றார். என் தாளை விரித்து, பாய்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

அம்மா அதைக் கை நீட்டி வாங்கினார். என் எழுத்து அவருக்குத் தெரியும். என்னைப் பார்க்கவில்லை. தாளிலிருந்த பாய்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். கவின் இருமினான்.

"அப்ப எட்டு பேருனு எழுதிக்கிறேன்," என்றார் மிஸ்ஸி.

"தப்பு, மிஸ்ஸி. ஒம்பது," என்றார் அம்மா. "சின்னவனுக்குப் பாய் கெடையாது. படுக்க வச்சா இருமுவான். ராத்திரி பூரா இவ நெஞ்சு மேலதான்."

மிஸ்ஸியின் பேனாவை வாங்கி, சித்தியின் பாய்க்குள் சின்னதாக ஒரு கட்டம் போட்டார்.