ராணியின் கன்னத்தில் ஒரே வெட்டு

மச்சான், நீ விட்டுப்போன மூட்டையில் இருந்த, வெள்ளைக்கார ராணி தலை போட்ட பழைய வெள்ளி ரூபாய்கள் அத்தனையும் போலி. சோதித்தது நான்தான், உன் பெண்டாட்டி சாந்தியிடம் சொன்னதும் நான்தான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவியும் விரலில் பித்தளை நாற்றம் போகவில்லை. வெள்ளிக்கு இந்த நாற்றம் கிடையாது.

நீ போன பிறகு சாந்தி வீட்டை விட்டு வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. நீலசந்திராவிலிருந்து பஸ் மாறி லிங்கராஜபுரத்துக்கு வந்து, மடியிலிருந்து மூட்டையை எடுத்து என் கல்லாப் பலகைமேல் வைத்தாள். உன் மகள் பாப்பா நர்சிங் இரண்டாம் வருஷம். கட்டணம் கட்டாவிட்டால் பரீட்சைக்கு உட்கார வைக்க மாட்டார்களாம். “இத வித்துதான்ணா அவ படிப்ப முடிக்கணும். கடைசி வரைக்கும் அதத்தான் சொல்லிக்கினு இருந்தாரு” என்றாள்.

எனக்கும்தான் சொன்னாய். ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு நீ திணறியபோது, அந்தக் காசைக் கொடு, விலை போட்டுத் தருகிறேன், உன்னை வேறு நல்ல ஆஸ்பத்திரிக்கு மாற்றலாம் என்று கேட்டேன். ஆக்சிஜன் முகமூடியை விலக்கிவிட்டு, “அது பாப்பாவோடது. கை வைக்காதே” என்றாய். மறுபடி கேட்டதற்குச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

பழைய வெள்ளியும் பித்தளையும் வாங்கி விற்றே தலைநரைத்தவன் நான். என் கண்ணில் அந்த மூட்டையை ஒரு நாளும் நீ காட்டியதில்லை. கேட்டால் சிரிப்பாய். “உன் கண்ணு பட்டா வெள்ளியும் ஈயமாயிடும்டா. பாதி எடையைப் பார்வையிலேயே எடுத்துடுவே.” சிரித்தேன், வேறென்ன செய்ய? பீன்யாவில் நீ லேத் ஓட்டிய காலத்தில் உன் கம்பெனி வாசலுக்கு நான் தள்ளுவண்டியோடு இரும்புச் சீவல் எடுக்க வருவேன். மேட்டில் வண்டி ஏறாது. யூனிஃபார்மோடு வந்து பின்னால் கை கொடுப்பாய். சூப்பர்வைசர் பார்க்கிறாரே என்றால், “அவருக்கும் ஒரு கை பாக்கி இருக்கு, வந்து தள்ளச் சொல்லு” என்பாய். அப்படிப்பட்டவன் ஒரு துணி மூட்டையை என்னிடமிருந்து ஒளித்தாய்.

முதல் ரூபாயைக் கருங்கல்லில் போட்டேன். வெள்ளி கணீரென்று பாடிவிட்டுத்தான் அடங்கும். இது சட்டென்று செத்தது. தராசில் வைத்தேன். பதினொன்றரை கிராமுக்குச் சற்று மேலே நிற்க வேண்டிய முள் பத்தைத் தாண்டவில்லை. தேய்ந்த காசு கொஞ்சம் குறையும்தான், இவ்வளவு குறையாது. விளிம்பைச் சுரண்டினேன், கறுப்புக்குக் கீழே மஞ்சள் எட்டிப் பார்த்தது. சாந்தியின் முகத்தைப் பார்க்காமல் இருக்கவே மீதியையும் எடுத்து வரிசையாக வைத்தேன். அங்கேதான் எல்லாம் முடிந்தது. ஒவ்வொரு காசிலும் ராணியின் கன்னத்தில் ஒரு வெட்டு. அதே இடம், அதே நீளம், அதே சாய்வு. கைமாறிக் கைமாறி வந்த காசுகள் ஆளுக்கொரு இடத்தில்தான் அடிபடும். எல்லாவற்றுக்கும் ஒரே தழும்பு என்றால், வெட்டுப்பட்ட ஒரு காசை அச்சாக வைத்து எவனோ வார்த்திருக்கிறான் என்று அர்த்தம்.

தங்கவயலில் சுரங்கம் மூடி உன் அப்பாவுக்குக் கிடைத்த பணத்தில் வாங்கியது இது. அஸ்திவாரம் தோண்டும்போது பானையில் கிடைத்தது, போலீசுக்குத் தெரிந்தால் போச்சு, அதனால்தான் மலிவு என்று ஒருவன் வந்து சொல்லியிருக்கிறான். வாழ்நாளெல்லாம் பூமிக்கடியில் இறங்கிப் பிறத்தியாருக்குத் தங்கம் எடுத்துக் கொடுத்த மனுஷர், பூமி தனக்கும் ஏதோ கொடுக்கும் என்று நம்பியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

உன்னைத்தான் சொல்வேன். உன் வீட்டில் இன்னொரு ரூபாய்க் குவியலும் இருந்தது. உன் அம்மா சாமி படத்தின்முன் வைத்துக் கும்பிட்டது, முப்பாட்டன் வழியில் வந்தது. தீபாவளிக்குத் தீபாவளி புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, நேற்று அச்சடித்தது மாதிரி பளபளவென்று வைத்திருந்தார்கள். அம்மா செத்து நீயும் தங்கை மல்லிகாவும் பிரித்துக்கொண்ட பிறகு டீக்கடையில் என்னிடம் சொன்னாய்: “பளபளா டூப்ளிகேட் அவளுக்கு. மண்ணுல கிடந்து கறுத்தது எனக்கு.” நிறத்தை வைத்து முடிவு பண்ணாதே, நல்ல வெள்ளியும் கறுக்கும், தேய்த்தால் எதுவும் பளபளக்கும் என்றேன். நான் பங்கு கேட்பதற்கு அடி போடுகிறேன் என்றாய். பேச்சை மாற்றினாய்.

எல்லாம் கேட்ட பிறகு சாந்தி அழவில்லை. அப்படியானால் மல்லிகாவிடம் இருப்பது என்ன என்று கேட்டாள். பார்க்காமல் சொல்ல முடியாது, அசலாக இருக்கலாம் என்றேன். அவள் குரலைத் தாழ்த்தினாள். “அதையும் டூப்ளிகேட்னு சொல்லிடுங்கண்ணா. உங்க வாயால சொன்னா நம்புவா. கம்மி விலைக்கு வாங்கி மிச்சத்த எங்களுக்குக் குடுங்க. திருட்டா இது? அவ அண்ணன் பொண்ணுக்குத்தானே.”

எனக்குக் கோபம் வரவில்லை. குறைத்துக் கேட்பது என் பிழைப்பு, அதில் வெட்கமில்லை. ஆனால் நல்லதைக் கெட்டது என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் பிறகு என் கடையில் தராசு எதற்கு? முடியாது என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மல்லிகாவையும் வரச்சொன்னேன்.

தங்கவயல் ரயிலைப் பிடித்து வந்தாள். அவளுடைய ரூபாய்கள் கல்லில் பாடின. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் தேய்ந்திருந்தது. ஒன்றில் ராணியின் மூக்கு மழுங்கியிருந்தது, ஒன்றில் கொண்டையே இல்லை. எல்லாம் அசல் என்று சாந்தியை வைத்துக்கொண்டே சொன்னேன். உன் மூட்டையைப் பற்றியும் சொன்னேன். மல்லிகா ஆச்சரியப்படவில்லை. “எங்கண்ணன் எனக்கு டூப்ளிகேட்ட தள்ளுறாருன்னு அன்னிக்கே தெரியும்ணா. மூஞ்சப் பாத்துக் குடுக்கல. அம்மா தேய்ச்சதுன்னு வாங்கிக்கினேன்” என்றாள்.

சாந்தி தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு அந்த இரண்டு பேரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாம் என் வழியாகத்தான் நடந்தது. பாப்பாவின் பரீட்சையைப் பற்றிச் சொன்னேன். மல்லிகா யோசித்தாள். நீ உடன்பிறந்தவளை ஏமாற்றப் பார்த்தாய் மச்சான், நீ ஏமாற்ற நினைத்தவள் உன் மகளுக்காக யோசித்தாள். பித்தளையைக் காத்துக்கொண்டு நீ செத்தாய். இந்த இரண்டையும் இனி நான் சுமக்க வேண்டும். உன்னிடம் சண்டை போடவும் வழியில்லை.

பேசி முடித்தது இதுதான். மல்லிகாவின் காசில் பாதியை அன்றைய வெள்ளி விலைக்கு நான் எடுத்துக்கொண்டேன். புளி முகத்தைத் தின்ற காசுக்குப் பழங்காசு சேகரிப்பவர்கள் கூடுதலாகத் தர மாட்டார்கள். கடைக்குப் பிடிக்கும் கழிவை நான் விட்டுக்கொடுக்க அவள் சம்மதிக்கவில்லை, எடுத்துக்கொண்டேன். அவள் போட்ட நிபந்தனைப்படி, பணத்தைச் சாந்தி கையில் கொடுக்காமல் நானே கல்லூரியில் கட்ட வேண்டும். பாப்பா வேலைக்குப் போனதும் அத்தைக்கு வட்டியில்லாமல் திருப்பித் தர வேண்டும். அப்பன் பங்கு பிரித்த விதம் பாப்பாவுக்குத் தெரியக் கூடாது. உன் மூட்டை அசலென்று இன்னொரு வீட்டுக்கு விலைபோகக் கூடாது. அது என் இரும்புப் பெட்டியில் கிடக்கும். கடைசியாக மல்லிகா கேட்டது: உன் வருஷத் திதிக்கு அவளை யாரும் கூப்பிடக் கூடாது.