போர்வைக்குள் இருப்பது யார்

ஜனவரி 9
அக்கா அனுப்பிய பெட்டியில் என் சிறுவயதுப் படப் புத்தகம். அட்டையில் தீயணைப்பு வண்டியும் மீசைக்காரத் தலைவரும். நடுவில் ஒரு பக்கத்தை அம்மா காட்டவே மாட்டாள். இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிடுவாள். இன்று பார்த்தேன். எரியும் அறை. வெளியே வரும் வீரர் கையில், பூப்போட்ட சிவப்புப் போர்வையில் சுற்றிய ஒருவர். முகம் தெரியவில்லை. உயிர் இருக்கிறதா என்றும் எழுதவில்லை. பிள்ளைகளுக்கு இப்படியா படம் போடுவார்கள்?

ஜனவரி 12
இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து என் மனைவி சச்சியே பதினெட்டாம் தேதி வீட்டுக்கு வருகிறாள். அவளுக்கென்று அக்கா போர்வை அனுப்பியிருக்கிறாள். சிவப்பு. பூப்போட்டது.
தற்செயல்தான்.

ஜனவரி 13
புத்தகத்தை அவள் அறையில் விரித்து வைத்துப் பார்த்தேன். அறையைச் சூடாக்கும் மண்ணெண்ணெய்க் கணப்பு, அதன்மேல் நீலக் கெட்டில், மேலே கொடியில் துணி — எல்லாம் படத்தில் இருப்பது அப்படியே. கெட்டிலின் மூக்குகூட அதே பக்கம். திருப்பி வைத்தேன். குளித்துவிட்டு வந்தால் பழையபடி இருக்கிறது. தேநீருக்கு எடுத்து நானே மாற்றி வைத்திருப்பேன்.
வைத்தேனா?

ஜனவரி 15
மருத்துவமனையில் சச்சியேவிடம் சொன்னேன். சிரித்தாள். "ஏங்க, எனக்கு இடுப்புதான் போச்சு. உங்களுக்கு மூளையே போயிடுச்சா?"
தீ என்றால் அவளால் எழுந்து ஓட முடியாது. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜனவரி 16
கணப்பு, கெட்டில், போர்வை மூன்றையும் பக்கத்து வீட்டு ஹயாமி ஐயாவுக்குக் கொடுத்துவிட்டேன். மகள் வெளியூரில், வீட்டில் அவர் மட்டும்தான்; அவருடைய கணப்பு பழுது. "அடடா, நெஜமாவா தம்பி? இந்தக் குளிருக்கு நீதான் தெய்வம்!" எத்தனை முறை குனிந்து வணங்கினார்! காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால் வாங்குவாரா?
எங்களுக்கு மின்சாரக் கணப்பு வாங்கியாயிற்று.

ஜனவரி 18
சச்சியே வந்தாள். நண்டுக் கஞ்சி வைத்தேன். உப்பு போதாதாம். எனக்கு உயிர் வந்தது.

ஜனவரி 22
ஹயாமி ஐயா வீடு எரிந்தது. கொடியில் காயப்போட்ட துணி கணப்பில் விழுந்ததாம். பனியில் நின்று பார்த்தேன். வீரர் ஒருவர் தூக்கிவந்தார், அந்தப் போர்வையில் சுற்றி. முகம் தெரியல. ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன் — என்ன பண்ணிட்டேன்?

ஜனவரி 27
தீப்பிடித்த வீட்டார் செய்யவேண்டிய முறை என்று ஹயாமி ஐயாவின் மகள் வீடு வீடாக மன்னிப்புக் கேட்டு வருகிறாள். நேற்றுதான் அப்பாவின் அஸ்தியை வாங்கினாள். எங்கள் வாசலில் தலை தரையில் படக் குனிந்தாள்.
"எங்க அப்பாவால உங்களுக்கெல்லாம் பெரிய தொந்தரவு. நீங்க குடுத்த கணப்பைப் பத்தி போன்ல சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாரு."
இனிப்புப் பெட்டியை இரு கையால் நீட்டினாள். சச்சியே என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"பரவாயில்லம்மா" என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.